நெற்றியோடு நின்ற போட்டோ: நெட்வொர்க் லேபில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஐந்தாம் செமஸ்டர் நெட்வொர்க் லேபில் இரண்டு பேர் சேர்ந்து செய்த சின்ன மினி புராஜெக்ட் ஒன்று, மூன்று வாரத்தில் மூன்று விதமாக உடைந்தது. மூன்று தடவையும் அவர்கள் முதலில் சந்தேகப்பட்டது கேபிளை. மூன்று தடவையும் கேபிள் நிரபராதி. அந்த லேபுக்குப் பொறுப்பு நான்தான். நடந்ததை அன்றன்றே நோட்டில் குறித்து வைத்திருந்ததால் இப்போது வரிசையாக எழுத முடிகிறது.

பின்னணி

எங்கள் பாடத்திட்டத்தில் நெட்வொர்க் பேப்பரோடு லேபும் சேர்ந்தே வரும். தரவைத் தொலையாமல் வரிசையாகக் கொண்டு சேர்க்கும் டிசிபி நெறிமுறையில், சாக்கெட் (புரோகிராம் நெட்வொர்க்கோடு பேசும் வாசல்) வழியாக எக்கோ கிளையன்ட், எக்கோ சர்வர், அப்புறம் சாட். இன்னொரு நெறிமுறையான யுடிபியில், இணையப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் மாதிரி ஒன்று. வயர்ஷார்க்கில் பாக்கெட் பிடித்துப் பார்ப்பது, ஏஆர்பி, ரவுட்டிங் சிமுலேஷன் என்று பட்டியல் போகும். எக்கோ, சாட் இரண்டுக்கும் லேப் மேனுவலிலேயே புரோகிராம் இருக்கிறது. மாணவர்கள் அதை அடித்து, 'ஹலோ' என்று அனுப்பி, 'ஹலோ' என்று திரும்பி வந்ததும் அவுட்புட் காட்டி, அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் வருடாவருடம் போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த இரண்டு பேரும், ஒரு மாணவி, ஒரு மாணவன், மேனுவலைத் தாண்டிக் கொஞ்சம் உருப்படியாகச் செய்ய நினைத்தார்கள். வகுப்பில் உள்ள 60 பேரின் பதிவு எண்ணும் பாஸ்போர்ட் அளவு போட்டோவும் கிளையன்ட்டில் இருக்கும். சர்வர் அவற்றை வாங்கி ஒரு ஃபோல்டரில் சேமிக்கும். பிறகு அதே இணைப்பில் வருகைப் பதிவும் போகும். பைத்தான், சாதாரண சாக்கெட், லினக்ஸ் கணினி. நல்ல யோசனைதான் என்று சரி சொன்னேன்.

அவர்களுடைய முறை இது: கிளையன்ட் பதிவு எண்ணை அனுப்பும். சர்வர் 'ஓகே' சொல்லும். கிளையன்ட் போட்டோவை அனுப்பும். சர்வர் அதை வாங்கி எழுதிவிட்டு மறுபடி 'ஓகே' சொல்லும். அடுத்த ஆள். சர்வர் பக்கத்தில் ஒரு அனுப்பலுக்கு ஒரு ரிசீவ், அதாவது வந்ததை வாங்கும் அழைப்பு: பதிவு எண்ணுக்கு 1024 பைட் வரை, போட்டோவுக்கு 65536 பைட் வரை. போட்டோ ஒவ்வொன்றும் 20 கேபியை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் 65536 தாராளம் என்று கணக்கு.

முதல் வாரம்

மாணவியின் லேப்டாப்பில் கிளையன்ட்டையும் சர்வரையும் ஒன்றாக ஓட்டினார்கள். 60 போட்டோவும் பிசகில்லாமல் வந்தன. மறுநாள் லேபுக்கு வந்து சர்வரை ஒரு கணினியிலும் கிளையன்ட்டை இன்னொன்றிலும் வைத்தார்கள். முதல் போட்டோவே பாதியில் நின்றது. திறந்து பார்த்தால் மேலே சுவர், தலைமுடி, நெற்றி. புருவத்துக்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். இரண்டாவது ஆளின் பதிவு எண்ணை வாங்கும் இடத்தில், இந்த பைட்டை எழுத்தாக மாற்ற முடியவில்லை என்று சொல்லி சர்வர் விழுந்தது.

“நேத்து ஓடுச்சு சார்.”

லேபில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். கேபிளை மாற்றினார்கள். சுவிட்சில் போர்ட்டை மாற்றினார்கள். பக்கத்து மேசைக் கணினியை இரவல் வாங்கினார்கள். போட்டோ ஒரு தடவை நெற்றியோடு நின்றது, ஒரு தடவை தாடை வரை வந்தது, ஒரு தடவை சுவரைத் தாண்டவே இல்லை. ஓட்டும்போதெல்லாம் வேறு அளவு. இப்படி நிலையில்லாமல் ஆடுவதைப் பார்த்ததும் ஹார்டுவேர் கோளாறு என்று முடிவு கட்டுவது இயல்புதான். நான் அவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: அரைகுறையாக வந்த ஃபைல்களின் அளவைப் பலகையில் எழுதுங்கள்.

1448. 5792. 14480. 2896.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாணவன் போனில் கால்குலேட்டரைத் திறந்தான். 2896ஐ 1448ஆல் வகுத்தால் 2. 5792க்கு 4. 14480க்குச் சரியாக 10. கோளாறான கேபிள் இத்தனை ஒழுங்காக வெட்டாது.

1448 எங்கிருந்து வந்தது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். வகுப்பில் படித்ததுதான். ஈதர்நெட் ஒரு சட்டகத்தில் சுமப்பது அதிகபட்சம் 1500 பைட். அதில் தலைப்புகள் (தரவுக்கு முன்னால் ஒட்டும் விவரங்கள்) போக வேண்டும்: ஐபி தலைப்பு 20, டிசிபி தலைப்பு 20. மீதி 1460. இதுவரை எல்லாருக்கும் மனப்பாடம். லினக்ஸ் டிசிபி தலைப்போடு நேரமுத்திரை விருப்பம் ஒன்றையும் சேர்க்கும். இடநிரப்பியோடு அது 12 பைட். ஆக 1448. வயர்ஷார்க்கில் ஒரு பாக்கெட்டை விரித்து அந்த 12ஐக் கண்ணால் பார்த்த பிறகுதான் மாணவி தலையாட்டினாள்.

சரி, ஒரே லேப்டாப்பில் ஏன் ஓடியது? கணினிக்குள்ளேயே சுற்றிவரும் லூப்பேக் இடைமுகத்துக்கு லினக்ஸில் எம்டியு, அதாவது ஒரே துண்டில் சுமக்கும் அதிகபட்ச அளவு, 65536. 21,306 பைட் போட்டோ ஒரே துண்டாகப் போய் ஒரே துண்டாகச் சேர்ந்தது. ஒரு ரிசீவ் போதுமானதாக இருந்தது. வெளிக்கம்பிக்கு வந்ததும் அதே போட்டோ 15 துண்டானது. ரிசீவ் என்பது 'முழுச் செய்தியையும் கொடு' என்ற கட்டளை அல்ல. 'இப்போது கையில் எவ்வளவு இருக்கிறதோ அதைக் கொடு, 65536க்கு மேல் போகாமல்' என்பதுதான் அதன் பொருள். முதல் துண்டு வந்த கணத்தில் எழுப்பிவிட்டால் 1448. கொஞ்சம் தாமதமாக எழுந்தால் நாலு துண்டு. 14480க்குத் தனிக் காரணம் உண்டு: புது இணைப்பில் டிசிபி ஒப்புகைக்கு ('வந்து சேர்ந்தது' என்று மறுமுனை சொல்லும் பதிலுக்கு) காத்திராமல் முதலில் அனுப்புவது 10 துண்டு. லினக்ஸ் 2011லிருந்து அப்படித்தான் செய்கிறது, 2013ல் இணைய நெறிமுறைகளுக்கான ஆவண வரிசையில் வந்த ஆர்எஃப்சி 6928 அதையே எழுத்தில் வைத்தது. முதல் தவணை முழுவதும் ஒன்றாகக் கைக்கு வந்த தடவை 14480.

மீதி பைட்கள் எங்கும் தொலையவில்லை. டிசிபி எதையும் தொலைக்காது என்று வாக்குக் கொடுத்திருக்கிறது, காப்பாற்றவும் செய்தது. அவை சர்வரின் வாசலில் வரிசையில் நின்றன. அடுத்து பதிவு எண்ணைக் கேட்டு ரிசீவ் போட்டபோது, முந்தைய ஆளின் மூக்கும் வாயும் பதிவு எண்ணாக வந்து சேர்ந்தன.

இந்த இடத்தில் மாணவி ஒரு நல்ல கேள்வி கேட்டாள். வயர்ஷார்க்கில் சில வரிகளில் தரவு நீளமே 14480 என்று காட்டுகிறது. ஈதர்நெட்டுக்கு 1500தானே மேல்வரம்பு? நியாயமான சந்தேகம். இந்தக் காலத்து நெட்வொர்க் கார்டுகளும் டிரைவர்களும் வெட்டுவதையும் ஒட்டுவதையும் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. அனுப்பும் பக்கத்தில் கார்டு வெட்டுவதற்கு முன்னாலேயும், வாங்கும் பக்கத்தில் ஒட்டி முடித்த பின்னாலேயும் வயர்ஷார்க் படம் பிடிக்கிறது. அந்த வசதியை அணைத்துவிட்டுப் பார்த்தால் 1448, 1448 என்று வரிசையாக வரும். அணைத்துக் காட்டினேன். இதற்கே அரை மணி நேரம் போனது, வீண் என்று சொல்ல மாட்டேன்.

பையன் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டான்: “சார், கடைசித் துண்டுல புஷ் கொடி இருக்கே, அதுதானே மெசேஜ் முடிஞ்சதுக்கு அடையாளம்?” பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 1989ல் வந்த ஆர்எஃப்சி 1122 இதை வெளிப்படையாகவே மறுக்கிறது: டிசிபி தலைப்பில் இருக்கும் புஷ் என்ற கொடி செய்தி எல்லைக் குறி அல்ல. தவிர, அந்தக் கொடி சாக்கெட் வழியாகப் புரோகிராமுக்கு வந்து சேர்வதும் இல்லை.

எப்படிச் சரிசெய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் வைத்தியம்தான் ஆபத்தானது. ரிசீவுக்கு முன்னால் அரை நொடித் தூக்கம் போட்டார்கள். எல்லாத் துண்டும் வந்து குவிந்த பிறகு ஒரே அள்ளாக அள்ளிக்கொள்ளலாம் அல்லவா! ஓடியது. 60 பேருக்கு 30 நொடி ஆனாலும் ஓடியது. 'முடிந்தது சார்' என்று கையெழுத்துக்கு வந்தார்கள். என் போனிலிருந்து வெட்டாத, குறைக்காத 2 எம்பி போட்டோ ஒன்றை எடுத்து அவர்கள் ஃபோல்டரில் போட்டேன். எத்தனை நொடி தூங்கினாலும் ஒரு ரிசீவ் 65536க்கு மேல் கொடுக்காது. நெற்றிகூட வரவில்லை, வானம் மட்டும் வந்தது.

விடைத்தாள்

அன்று மாலை ஸ்டாஃப் ரூமில் ஒரு வேலை செய்தேன். இன்டர்னல் தேர்வில் 13 மதிப்பெண் கேள்வியாக டிசிபிக்கும் யுடிபிக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டிருந்தேன். இந்த இரண்டு பேரின் தாளையும் எடுத்துப் பார்த்தேன். இருவரும் அட்டவணை போட்டிருந்தார்கள். 'டிசிபி பைட் ஓடை, செய்தி எல்லை கிடையாது. யுடிபி செய்தி எல்லையைக் காக்கும்' என்ற வரி இரண்டு தாளிலும் இருந்தது. மாணவி அடிக்கோடுகூட இட்டிருந்தாள். நான் டிக் போட்டு முழு மதிப்பெண் கொடுத்திருந்தேன்.

அந்த வரியை எழுதிய அதே கைகள்தான் ஒரு அனுப்பலுக்கு ஒரு ரிசீவ் என்று புரோகிராம் எழுதின. இதைச் சோம்பல் என்றோ அலட்சியம் என்றோ சொல்ல முடியாது. 'செய்தி எல்லை கிடையாது' என்ற சொற்றொடர் அவர்களுக்கு இன்னொரு நெறிமுறையோடு ஒப்பிடும்போது வலப்பக்கக் கட்டத்தில் எழுத வேண்டிய ஒன்று. தன் புரோகிராமில் எந்த வரியைத் தொடும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நான். மேனுவலில் இருந்த எக்கோ புரோகிராமே ஒரு அனுப்பல், ஒரு ரிசீவ் பாணியில்தான் இருந்தது. 'ஹலோ' 5 பைட்; அது ஏன் உடையப் போகிறது?

மறுநாள் வகுப்பில் குழாயை உதாரணம் காட்டினேன். மாடித் தொட்டியில் குடம் குடமாக ஊற்றினாலும் கீழே குழாயில் வருவது தண்ணீர்தான். எந்தக் குடம் எங்கே முடிந்தது என்று தண்ணீருக்குத் தெரியாது. கீழே பிடிக்கிறவன் தன் பாத்திரத்தின் அளவுக்குப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். டிசிபி இப்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. அதன் வரிசை எண் பாக்கெட்டை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. 1981ல் வெளிவந்த ஆர்எஃப்சி 793லிருந்து இன்றைய 2022 பதிப்பான 9293 வரை அது மாறவில்லை. அதனால்தான் வழியில் தொலைந்த இரண்டு சின்னத் துண்டுகளை மறுபடி அனுப்பும்போது ஒன்றாகச் சேர்த்து அனுப்ப முடிகிறது. எல்லையைக் காக்க வேண்டியிருந்தால் அந்தச் சுதந்திரம் இருக்காது.

எல்லை வேண்டுமென்றால் அதை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். எச்டிடிபி, உடலின் நீளத்தைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி, ஒரு வரியில் ஒற்றைப் புள்ளியை மட்டும் வைத்து முடிவைக் காட்டுகிறது. டிஎன்எஸ் யுடிபியில் போகும்போது எதுவும் சேர்ப்பதில்லை. அதுவே டிசிபியில் போனால் முன்னால் 2 பைட் நீளம் ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கடைசி உதாரணம்தான் இருவருக்கும் பளிச்சென்று பட்டது. தங்கள் நெறிமுறைக்கும் முன்னால் 4 பைட் நீளம் வைக்க முடிவு செய்தார்கள். சர்வர் முதலில் 4 பைட் சேரும்வரை சுற்றிச் சுற்றி வாங்கும். அதிலிருந்து நீளத்தை எடுத்து, அத்தனை பைட் சேரும்வரை மறுபடி சுற்றும். தூக்கத்தை எடுத்தாயிற்று. 2 எம்பி வானமும் முழுசாக வந்தது.

இரண்டாம் வாரம்

இது சின்னக் கோளாறு. ஆனால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு என்றே வைத்த கண்ணி என்பதால் விட மனமில்லை.

பதிவில் ஊர்ப் பெயர் என்று ஒரு பத்தியைச் சேர்த்து, அதைத் தமிழில் வைத்தார்கள். ஆங்கிலப் பெயர்களோடு சோதித்தபோது ஒழுங்காக ஓடிய சர்வர், 'மதுரை' வந்ததும் விழுந்தது. நீளத்தைக் கணக்கிட்ட இடத்தைப் பார்த்தேன். எழுத்துச் சரத்தை பைட்டாக மாற்றுவதற்கு முன்னாலேயே அளந்திருந்தார்கள்.

மதுரை, கண்ணுக்கு 3 எழுத்து: ம, து, ரை. பைத்தானுக்கு 5, ஏனென்றால் உகரக் குறியும் ஐகாரக் குறியும் தனித்தனி. எழுத்தை பைட்டாக்கும் முறையான யுடிஎஃப்-8ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும் என்பதால் கம்பியில் போவது 15. கிளையன்ட் தலைப்பில் 5 என்று எழுதிவிட்டு 15 பைட்டை அனுப்பியது. சர்வர் சொன்ன சொல் தவறாமல் 5 பைட் எடுத்தது: 'ம' முழுசாக, 'த'வில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்குப் பிறகு வந்த 4 பைட்டை அடுத்த பதிவின் நீளம் என்று எடுத்துக்கொண்டு, பூதாகரமான எண் ஒன்றைப் பார்த்து, அத்தனை பைட்டுக்காக வாயைப் பிளந்து நின்றிருக்கும். எழுத்தாக மாற்றும் இடத்திலேயே விழுந்தது நல்லதாயிற்று.

மாற்ற வேண்டியிருந்தது ஒரே வரி: முதலில் பைட்டாக்கு, அப்புறம் அள. இந்தக் கோளாறை ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கிறவர் வருடக்கணக்கில் சந்திக்காமலே இருக்கலாம். அதனால் எங்கள் லேபில் இப்போது சோதனைத் தரவில் முதல் வரி மதுரைதான்.

மூன்றாம் வாரம்

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஏனென்றால் இந்தத் தடவை புரோகிராமில் தவறே இல்லை. ஒரு பைட்கூடக் குறையவில்லை, கூடவில்லை. ஆனாலும் நகரவில்லை.

60 போட்டோவும் கண் இமைப்பதற்குள் போய்ச் சேர்ந்தன. அடுத்து வருகைப் பதிவு, 500 வரி, வரிக்கு 50 பைட்கூட இருக்காது. அதற்கு 20 நொடி ஆனது. முதல் சில வரிகள் மட்டும் விரைந்து போய், பிறகு ஏதோ எண்ணி எண்ணிக் கொடுப்பதுபோல ஊர்ந்தது. 21,306 பைட் போட்டோ பறக்கிறது, 47 பைட் வரி தவழ்கிறது. மாணவன் வழக்கம்போலக் கேபிள் பக்கம் போனான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாணவிதான் தடுத்தாள்: கிளையன்ட்டையும் சர்வரையும் ஒரே கணினியில் ஓட்டிப் பார்ப்போம். பார்த்தார்கள். அங்கேயும் 20 நொடி. லூப்பேக்கில் ஏது கேபிள்? முதல் வாரத்தில் ஏமாற்றிய அதே சோதனை, மூன்றாம் வாரத்தில் உண்மையைச் சொன்னது.

500 வரிக்கு 20 நொடி என்றால் வரிக்கு 40 மில்லிநொடி. மறுபடியும் ஒழுங்கான எண். இரண்டு கணினிகளுக்கு நடுவில் வயர்ஷார்க்கில் பிடித்தது, ஒரு வரிக்கு இப்படி இருந்தது:

0.0000 – கிளையன்ட்டிலிருந்து, 4 பைட்
0.0403 – சர்வரிலிருந்து, வெறும் ஒப்புகை
0.0404 – கிளையன்ட்டிலிருந்து, 47 பைட்
0.0407 – சர்வரிலிருந்து, 2 பைட், 'ஓகே'

நீளத்தை ஒரு தடவையும் உடலை ஒரு தடவையும் அனுப்பியிருந்தார்கள். கிளையன்ட் புரோகிராமில் இரண்டு அனுப்பலும் அடுத்தடுத்த வரி. நடுவில் எந்தக் காத்திருப்பும் இல்லை. ஆனால் இரண்டாவது கம்பிக்கு வர 40 மில்லிநொடி ஆகியிருக்கிறது. பிடித்து வைத்தது யார்?

பதில் 1984க்குப் போகிறது. அப்போது ஃபோர்டு ஏரோஸ்பேஸில் இருந்த ஜான் நேகிள், ஆர்எஃப்சி 896ல் ஒரு கணக்குச் சொன்னார். தொலைமுனையத்தில் ஒருவர் ஒரு விசையை அழுத்தினால் போவது 1 பைட் தரவு, அதைச் சுமக்க 40 பைட் தலைப்பு. நெரிசலான இணைப்பில் இந்தப் பொடிப் பாக்கெட்டுகளே மூச்சை அடைத்துவிடும். அதற்கு அவர் சொன்ன விதி எளிது: அனுப்பியதற்கு இன்னும் ஒப்புகை வராமல் இருக்கும்போது, அடுத்த பொடித் துண்டை அனுப்பாதே, சேர்த்து வை. ஒப்புகை வந்ததும் சேர்ந்ததை மொத்தமாக அனுப்பு.

ஏறக்குறைய அதே காலத்தில் பெர்க்லியில் இன்னொரு சிக்கனம் வந்தது. தரவு வந்த உடனே வெறும் ஒப்புகையைத் தனிப் பாக்கெட்டாக அனுப்புவது வீண்; கொஞ்சம் பொறுத்தால் பதில் தரவோடு சேர்த்து அனுப்பலாம். எவ்வளவு பொறுக்கலாம்? ஆர்எஃப்சி 1122 அரை நொடிக்குள் என்கிறது. லினக்ஸில் குறைந்தபட்சம் 40 மில்லிநொடி.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் புத்திசாலித்தனம். ஒன்றாகச் சேரும்போது என்ன ஆகிறது? கிளையன்ட் 4 பைட்டை அனுப்பிவிட்டு, அதற்கு ஒப்புகை வந்தால்தான் 47ஐ அனுப்புவேன் என்று நிற்கிறது. சர்வர் கையில் இருப்பது நீளம் மட்டும். பதில் சொல்ல உடல் வரவில்லை. பதில் இல்லாமல் ஒப்புகையை எதற்குத் தனியாக அனுப்ப வேண்டும் என்று அது பொறுக்கிறது. கல்யாணப் பந்தியில் 'நீங்க உட்காருங்க மச்சான்', 'இல்ல மாமா, நீங்க முதல்ல' என்று இருவர் நின்றுகொண்டே இருக்க, பின்னால் வரிசை நீளுமே, அது மாதிரி. 40 மில்லிநொடி ஆனதும் சர்வர் பக்கத்துக் கடிகாரம் பொறுமை இழந்து வெறும் ஒப்புகையை அனுப்புகிறது. அப்புறம்தான் நகர்வு. 500 தடவை இதே உபசாரம்.

முதல் சில வரிகள் விரைந்து போனதற்குக் காரணம், லினக்ஸ் எடுத்த எடுப்பிலேயே ஒப்புகையைத் தாமதிப்பதில்லை. பேச்சுவார்த்தை மாதிரி போகிறது என்று தெரிந்த பிறகுதான் தாமதிக்கத் தொடங்கும். போட்டோ ஏன் தப்பியது? முழு அளவுத் துண்டுகளை நேகிள் விதி தடுப்பதில்லை, இரண்டு முழுத் துண்டுக்கு ஒரு ஒப்புகையாவது உடனே வந்துவிடும். நேகிளே பின்னாளில் இந்த இரண்டு ஏற்பாடுகளும் ஒன்றையொன்று அறியாமல் உள்ளே வந்தவை என்றும், தன் பார்வையில் குற்றவாளி தாமத ஒப்புகைதான் என்றும் எழுதியிருக்கிறார். பெற்றவர் பேச்சு வேறு எப்படி இருக்கும்! ஆனாலும் எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

மறுநாள் காலை மாணவன் மலர்ந்த முகத்தோடு வந்தான். நேகிளை அணைக்கும் சாக்கெட் விருப்பத்தை எங்கேயோ தேடிக் கண்டுபிடித்திருந்தான், நோடிலே. ஒரு வரி சேர்த்ததும் 20 நொடி ஒரு நொடிக்குள் வந்துவிட்டது. கையெழுத்துக் கேட்டான். நான் போடவில்லை. அவனுக்குக் கோபம், அதுவும் நியாயம்தான், ஓடுகிறதே. வயர்ஷார்க்கில் இப்போது என்ன போகிறது என்று பார்க்கச் சொன்னேன். 4 பைட் நீளத்துக்காக 70 பைட் சட்டகம் ஒன்று தனியாகப் போனது: ஈதர்நெட் 14, ஐபி 20, டிசிபி 32, தரவு 4. நேகிள் 1984ல் குறைபட்டுக்கொண்ட அதே பொடிப் பாக்கெட்.

இன்னொரு வழியை மாணவி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். நீளத்தையும் உடலையும் ஒட்டி ஒரே அனுப்பலாக அனுப்புவது. சர்வர் கையில் முழுப் பதிவும் ஒன்றாக வருகிறது, உடனே 'ஓகே' போகிறது, அந்த 'ஓகே'யின் முதுகிலேயே ஒப்புகையும் ஏறிக்கொள்கிறது. வரிக்கு நாலு பாக்கெட் இரண்டானது. நேகிளை அணைக்காமலேயே ஒரு நொடிக்குள் வந்தது. நோடிலேயைத் தவறு என்று சொல்லவில்லை. ஆன்லைன் விளையாட்டு, ரிமோட் டெஸ்க்டாப் மாதிரி ஒவ்வொரு சின்ன அசைவும் உடனே போக வேண்டிய இடத்தில் அது வேண்டும். இங்கே வேண்டியிருந்தது ஒரு கூட்டல் குறி.

அதற்குப் பிறகு

அடுத்த செமஸ்டருக்கு லேப் பட்டியலை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன கேட்பது என்பது என் கையில் இருக்கிறது. அதனால் 'குறும்பு கிளையன்ட்' என்று ஒன்றை எழுதினேன். நெறிமுறையை ஒரு எழுத்துப் பிசகாமல் பின்பற்றும், ஆனால் ஓடையை எப்படியெல்லாம் வெட்டலாமோ அப்படியெல்லாம் வெட்டும். நீளத்தின் 4 பைட்டை இரண்டு, இரண்டாக, நடுவில் கால் நொடி விட்டு அனுப்பும். ஒரு பதிவின் வாலையும் அடுத்த பதிவின் தலையையும் ஒன்றாக ஒட்டி அனுப்பும். 'மதுரை'யை 'து'வின் நடுவில் வெட்டும். பாதியில் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓடும். கடைசியில் சொன்னது பலருடைய சர்வரை முடிவில்லாத சுழற்சியில் மாட்டியது. மறுமுனை மூடிய பிறகு ரிசீவ் காலியாகத் திரும்பும் என்பதைப் பார்க்காமல், இன்னும் வரும் என்று சுற்றிக்கொண்டே இருந்தன.

புது பேட்ச்சில் முதல் வாரம் தாக்குப்பிடித்த சர்வர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். இரண்டாம் வாரம் பாதிக்கு மேல் தேறின. குறும்பு கிளையன்ட்டின் தொல்லை தாங்காமல் சிலர் பதிலுக்குக் குறும்பு சர்வர் எழுதி என் கிளையன்ட்டை விழ வைத்தார்கள். அதற்கும் மதிப்பெண் கொடுத்தேன்.

அந்தப் பேட்ச்சில் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: “சார், மேனுவல்ல இருக்கிற சாட் சர்வரை இதுல ஓட்டிப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. அந்த சர்வர், ஆங்கிலத்தில் 'பை' என்ற 3 பைட் சொல் வந்தால் இணைப்பை முடித்துக்கொள்ள வேண்டும். புரொஜெக்டரில் எல்லாரும் பார்க்க ஓட்டினேன். குறும்பு கிளையன்ட் முதல் எழுத்தை அனுப்பிவிட்டுக் கால் நொடி கழித்து மற்ற இரண்டையும் அனுப்பியது. சர்வர் அதை இரண்டு தனிச் செய்தியாக இரண்டு வரியில் அச்சிட்டது. எதுவுமே 'பை' இல்லையென்பதால் அடுத்த செய்திக்காக அப்படியே காத்திருந்தது. கன்ட்ரோல்-சி அழுத்தித்தான் நிறுத்தினேன். மேசைமேல் போன பேட்ச்சின் ரெக்கார்டு நோட்டு ஒன்று கிடந்தது. அதே புரோகிராம், அதற்குக் கீழே 'அவுட்புட் சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரை, பச்சை மையில் என் கையெழுத்து.